"காசுக்கு வந்தவங்கள்": மார்சினெல் சுரங்கத்தில் இருந்து ஒரு பதில்

சில மாதங்களுக்கு முன்பு அன்ட்வேர்ப்பன் நகரில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தேன். மண்டபம் நிறைய எங்கள் சனம். கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது கதை வழக்கம்போல அகதிகள் பக்கம் திரும்பியது. எங்கள் மேசையில் ஒரு அண்ணை இருந்தார். 1986ல் வந்தவர், சொந்தமாகக் கடை வைத்திருப்பவர். அவர் சொன்னார்:

"நாங்கள் உயிர் தப்ப வந்தனாங்கள். உவங்கள் சிரியாக்காரன், ஆப்கான்காரன், ஆபிரிக்கன் எல்லாம் காசுக்கு வந்தவங்கள். கதவைப் பூட்டத்தான் வேணும்."

இருந்த ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். ஒரு பெடியன் மட்டும் "சிரியாவிலையும் சண்டைதானே அண்ணை" என்று மெல்ல இழுத்தான். "சண்டை ஒரு பக்கம் தம்பி. வாறது சோசல் காசுக்கு" என்று அண்ணை கதையை முடித்துவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பிறந்தநாள் வீட்டில் எதற்குச் சண்டை என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த வெட்கம்தான் இதை எழுத வைக்கிறது.

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், அந்த மண்டபத்தில் இருந்து சுமார் நூறு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பெல்ஜியத்தின் தெற்கே, சார்லெருவா நகரத்தின் ஓரத்தில், மார்சினெல் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில்.

மார்சினெல் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்த ஊரின் சரக்கு ஒன்றைக் கையில் பிடித்திருப்பீர்கள். சின்ன வயதில் லயன் கொமிக்ஸில் லக்கி லூக் வாசித்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் கௌபாய் பிறந்தது அமெரிக்காவில் இல்லை. மார்சினெலில் இருந்த டுப்புயி பதிப்பகத்தின் "ஸ்பிரு" என்ற சிறுவர் சஞ்சிகைக்காக, 1946ம் ஆண்டின் முடிவில் பிறந்தவன் அவன். அதே 1946ல் இன்னொரு காகிதமும் பெல்ஜியத்துக்காக அச்சடிக்கப்பட்டது. அது ரோசா நிறச் சுவரொட்டி. அதைப் பெல்ஜியத்தில் ஒட்டவில்லை. இத்தாலியின் கிராமங்களில் ஒட்டினார்கள்.

அந்தச் சுவரொட்டியின் கதையைத் தெரிந்துகொண்டால் "காசுக்கு வந்தவங்கள்" என்ற சொல்லை யாரும் இவ்வளவு லேசாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பெல்ஜியத்துக்கு நிலக்கரி தேவைப்பட்டது. தொழிற்சாலை, ரயில், வீட்டு அடுப்பு எல்லாம் நிலக்கரியில்தான். அன்றைய பிரதமர் அகீல் வன் ஆக்கர் அதற்கு "நிலக்கரிப் போர்" என்றே பெயர் வைத்தார். போருக்குத் தளபதி கிடைத்துவிட்டார், இறங்குவதற்குத்தான் ஆள் இல்லை. தகப்பனும் பேரனும் சுரங்கத்தில் நெஞ்சு அடைத்துச் செத்ததைப் பார்த்த பெல்ஜியக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை இறக்க விரும்பவில்லை. பிடிபட்ட ஜெர்மன் போர்க்கைதிகளைப் பல்லாயிரக்கணக்கில் இறக்கினார்கள். ஆனால் கைதிகளை என்றைக்கோ ஒருநாள் வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும்.

மறுபக்கம் இத்தாலி. போரில் தோற்ற நாடு. தெற்கே நிலமும் இல்லை, வேலையும் இல்லை. தொழிற்சாலைகளை ஓட்ட நிலக்கரியும் இல்லை. 1946 ஜூன் 23ம் திகதி இரண்டு அரசாங்கங்களும் ரோமில் ஒப்பந்தம் எழுதின. இத்தாலி 50,000 ஆண்களை அனுப்பும். பதிலுக்குப் பெல்ஜியம் இத்தாலிக்கு நிலக்கரி விற்கும். போகும் ஆட்களின் கணக்குக்கு ஏற்ப வரும் நிலக்கரியின் கணக்கு. ஆளைக் கொடு, கரியைத் தருகிறேன். சந்தையில் மாடு மாற்றுகிறவர்கள் இதைவிடக் கொஞ்சம் கூச்சத்தோடு பேசுவார்கள்.

ரோசா நிறச் சுவரொட்டியில் நல்ல சம்பளம், குடும்பக் கொடுப்பனவு, சம்பளத்தோடு விடுமுறை, ஓய்வூதியம், இலவச ரயில் பயணம் எல்லாம் இருந்தன. நிலத்தடி வேலை என்றும் போட்டிருந்தார்கள். அந்த வேலையில் தூசி நெஞ்சுக்குள் கல்லாய் இறுகும் என்று போடவில்லை. சிலிக்கோசிஸ் என்ற அந்த நுரையீரல் நோயைத் தொழில்சார் நோய் என்று பெல்ஜியம் 1964ல்தான் ஏற்றுக்கொண்டது. அதுவரைக்கும் இருமிச் செத்தவன் தன்பாட்டில் இருமிச் செத்தவன்.

35 வயதுக்கு உட்பட்ட, உடல் நல்லாயிருக்கிற ஆட்களைத்தான் எடுத்தார்கள். மிலான் ரயில் நிலையத்துக்கு அடியில் இருந்த நிலவறைகளில் வைத்து மருத்துவப் பரிசோதனை. பிறகு நாட்கணக்கில் ரயில் பயணம். பெல்ஜியத்தில் இறங்கியதும் எந்தச் சுரங்கத்துக்கு எத்தனை பேர் என்று பிரித்து ஏற்றினார்கள். தங்குவதற்குக் கொடுத்த இடம், போர்க்கைதிகள் இருந்த தகரக் கொட்டில்கள். கோடையில் வேகும், மாரியில் உறையும். வெளியே வீடு தேடினால், மிருகங்களுக்கும் வெளிநாட்டவருக்கும் இடமில்லை என்று எழுதி வைத்திருந்ததைப் பழைய இத்தாலியர்கள் இன்றும் சொல்வார்கள். "மக்கரோனி" என்பது அவர்களுக்குத் தெருவில் வைத்த பட்டப்பெயர். எங்கள் ஆட்களுக்கு ஐரோப்பாவில் வைத்த பட்டப்பெயர்களை இங்கே எழுதத் தேவையில்லை. உங்களுக்கே தெரியும்.

வந்தவர்களில் பெரும்பாலானோர் விவசாயிகள், கூலியாட்கள். சுரங்கத்தைக் கண்ணால் கண்டிராதவர்கள். மொழி தெரியாது, பயிற்சி கிடையாது. கூண்டில் ஏற்றி எண்ணூறு, ஆயிரம் மீற்றர் ஆழத்துக்கு இறக்கிவிட்டார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத இடுக்குகளில் படுத்துக்கிடந்து வெட்ட வேண்டும். முதல் நாளே பயந்து "நான் இனி இறங்கமாட்டேன்" என்று சொன்னவர்கள் ஏராளம். அவர்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? ஐந்து ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்த பிறகுதான் வேறு துறைக்கு மாறலாம் என்பது விதி. இறங்க மறுத்தவன் ஒப்பந்தத்தை முறித்தவன். பொலிஸ் பிடித்து பிரசெல்ஸுக்குக் கொண்டுபோய் அடைத்து வைத்து, பிறகு ரயில் ஏற்றித் திருப்பி அனுப்பியது.

அடைத்து வைத்த இடத்தின் பெயர் பெத்தி சாத்தோ.

பிரசெல்ஸில் அசூல் அடித்த எந்தத் தமிழனுக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். "சின்னக் கோட்டை" என்று அர்த்தம். கால்வாய்க் கரையில், கோபுரங்களோடு கோட்டை மாதிரியே கட்டப்பட்ட பழைய இராணுவ முகாம். 1986ல் அதை அகதிகளைத் தங்கவைக்கும் முகாமாக மாற்றினார்கள். நான் 1991ல் மொஸ்கோ வழியாக வந்து சேர்ந்து அங்கேதான் படுத்தேன். இரும்புக் கட்டில், பக்கத்தில் ஒரு சயீர்க்காரன், மேலே ஒரு ருமேனியன். எனக்கு முன்பு அந்தக் கட்டடத்தில் யார் படுத்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அகதிகளுக்காகவே கட்டிய இடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்லித் தந்தவர் ஒரு இத்தாலியக் கிழவர். 2006ம் ஆண்டு, மார்சினெல் விபத்தின் ஐம்பதாவது ஆண்டு. வேலையிடத்தில் என்னோடு துப்புரவு வேலை செய்த இத்தாலியப் பெண்மணி ஒருவர் "எங்கட ஆட்களின் இடத்தை ஒருக்கா வந்து பார்" என்று கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவரின் மாமனாரைச் சந்தித்தேன். 1948ல், இருபது வயதில் வந்தவர். நான் எந்த நாடு, எப்படி வந்தேன் என்றெல்லாம் கேட்டார். முதலில் எங்கே இருந்தாய் என்று கேட்டபோது பெத்தி சாத்தோ என்றேன். கிழவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். தன்னோடு ஒரே ரயிலில் வந்த மச்சான் இரண்டாம் நாளே இறங்க மறுத்ததால் அங்கே இரண்டு கிழமை கிடந்தானாம். "உனக்கு அங்கே என்ன சாப்பாடு தந்தார்கள்?" என்று கேட்டார். உருளைக்கிழங்கு என்றேன். "அவனுக்கும் அதுதான்!" என்றார்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். போகமாட்டேன் என்றவனை அடைத்த அதே கட்டடத்தில், வராதே என்ற பிறகும் வந்தவனைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

*

இனி 1956 ஓகஸ்ட் 8. மார்சினெலின் "புவா டு கசியே" சுரங்கம். அன்று காலை 275 பேர் கீழே இறங்கினார்கள். எட்டு மணி பத்து நிமிடமளவில், 975 மீற்றர் ஆழத்தில், நிலக்கரி வண்டி ஒன்று கூண்டுக்குள் முழுதாகப் போகாமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கீழே நின்றவருக்கும் மேலே நின்றவருக்கும் இடையில் சைகைக் குழப்பம். கூண்டு மேலே கிளம்பியது. நீட்டிக்கொண்டு இருந்த வண்டி இரும்பு உத்தரத்தில் மோத, எண்ணெய்க் குழாய், அழுத்தக் காற்றுக் குழாய், மின்சாரக் கம்பி மூன்றும் ஒன்றாக அறுந்தன. எண்ணெய், காற்று, தீப்பொறி. மிச்சத்துக்கு மரச் சட்டங்கள். தீப்பிடித்த அந்தக் குழிதான் சுரங்கத்துக்குள் காற்று போகிற வழியும். புகையும் நச்சு வாயுவும் காற்றோடு சேர்ந்து ஒவ்வொரு சந்துக்குள்ளும் போயின.

13 பேர் உயிரோடு வந்தார்கள். 262 பேர் வரவில்லை. அவர்களில் 136 பேர் இத்தாலியர், 95 பேர் பெல்ஜியர், 8 போலந்துக்காரர், 6 கிரேக்கர், 5 ஜெர்மனியர், 3 ஹங்கேரியர், 3 அல்ஜீரியர், 2 பிரெஞ்சுக்காரர். பிரிட்டன், நெதர்லாந்து, ரஷ்யா, உக்ரைன் நாட்டவர் ஒவ்வொருவர். மொத்தம் பன்னிரண்டு தேசங்கள். இத்தாலியின் மனொப்பெல்லோ என்ற ஒரு சின்ன ஊரில் இருந்து வந்தவர்கள் மட்டும் இருபதுக்கு மேல். ஒருவன் வந்தால் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் என்று ஊரே பின்னால் வருவது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. பாரிஸில் எந்தத் தெருவில் எந்த ஊரார் என்று எங்களுக்குத் தெரியாதா?

பெண்கள் சுரங்கத்தின் இரும்புப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நாள் இல்லை, இரண்டு கிழமை. அந்தப் படங்களைப் பார்த்தபோது, 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சித் தெருவோரத்தில் பிள்ளைகளின் படங்களோடு போய் இருந்த எங்கள் தாய்மார்தான் நினைவுக்கு வந்தார்கள். ஓகஸ்ட் 23ம் திகதி, 1,035 மீற்றர் மட்டம் வரைக்கும் போய்த் தேடிய மீட்புக்குழுவில் ஒரு இத்தாலியர் மேலே வந்து சொன்னார்: "எல்லாரும் பிணங்கள்." இரண்டே இத்தாலியச் சொற்கள். அதோடு காத்திருப்பு முடிந்தது.

சிலருக்கு முடியவில்லை. அடையாளம் காண முடியாத உடல்களை மார்சினெல் இடுகாட்டில் "தெரியாதவர்" என்று புதைத்தார்கள். 2021ல் அவற்றைத் தோண்டி எடுத்து மரபணுச் சோதனை செய்யத் தொடங்கினார்கள். அறுபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு!

பிழை யாருடையது? சைகையைப் பிழையாக விளங்கிக்கொண்ட தொழிலாளியுடையது என்று சொல்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. கீழே வண்டி தள்ளியவர் இத்தாலியர், மொழி சரியாகத் தெரியாது. சரி, மொழி தெரியாதவனைப் பயிற்சி இல்லாமல் அந்த இடத்தில் நிறுத்தியது யார்? எண்ணெய்க் குழாயையும் மின்கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டது யார்? 1956ல் மரச் சட்டங்களை வைத்திருந்தது யார்? வழக்கு நடந்தது. ஐந்து பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 1959ல் ஐந்து பேரும் விடுதலை. மேன்முறையீட்டில், 1961ல், ஒரு பொறியியலாளருக்கு மட்டும் ஆறு மாத ஒத்திவைத்த சிறையும் 2,000 பிராங் தண்டமும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 262 உயிருக்கு ஆறு மாதம். ஒரு உயிருக்கு ஒரு நாள்கூட வரவில்லை. அந்த நாளையும் யாரும் சிறையில் கழிக்கவில்லை.

இத்தாலி அதோடு ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. பெல்ஜியம் என்ன செய்தது? சுரங்கத்தைத் திருத்துவதோடு நிற்கவில்லை, ஆட்களை வேறு இடத்தில் தேடியது. 1956ல் ஸ்பெயினோடு ஒப்பந்தம். 1957ல் கிரேக்கத்தோடு. 1964ல் மொரோக்கோவோடும் துருக்கியோடும். இன்றைக்குப் பிரசெல்ஸிலும் அன்ட்வேர்ப்பனிலும் "இந்த மொரோக்கோக்காரர் ஏன் வந்தார்கள்" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. கூப்பிட்டார்கள், வந்தார்கள்.

புவா டு கசியே 1967 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டது. 1974ல் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதைப் பெல்ஜியம் நிறுத்தியது. எண்ணெய் விலை ஏறியிருந்தது, வேலையில்லாத் திண்டாட்டம் தொடங்கியிருந்தது. மார்சினெலுக்குப் பக்கத்தில் ஃபார்சியென் என்ற ஊரில் இருந்த, வலோனியாவின் கடைசிச் சுரங்கம் 1984 செப்டம்பரில் மூடப்பட்டது. எங்கள் 1983 ஜூலைக்கு அடுத்த வருடம். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கரி முடிந்துவிட்டது. அதனால் எங்களுக்கு ரோசா நிறச் சுவரொட்டி ஒட்ட ஆள் இருக்கவில்லை. வேலைக்கு வரும் கதவு பூட்டப்பட்டபின் மிச்சமிருந்த ஒரே கதவு அசூல்.

*

இப்போது அண்ணைக்கு வருகிறேன்.

"நாங்கள் உண்மையான அகதிகள், அவர்கள் காசுக்கு வந்தவர்கள்." இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. எங்களைப் பற்றிச் சொன்னதை மனப்பாடம் செய்து வைத்திருந்து, இப்போது மற்றவனுக்கு ஒப்புவிக்கிறோம். 1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய தமிழர்களைத் திருப்பி ஏற்றப் பார்த்தபோது, இளைஞர்கள் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளாடையோடு ஓடுபாதையில் நின்றார்கள். பிரித்தானிய அரசாங்கம் அவர்களுக்குக் கொடுத்த பெயர் என்ன? போலிகள். அந்த ஆண்டிலேயே, விசா இல்லாதவர்களை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கச் சட்டம் வந்தது. பெல்ஜியத்தில், நான் வந்த அதே 1991ம் ஆண்டு நவம்பர் 24 தேர்தலில், "பிளாம்ஸ் புளொக்" என்ற குடியேறிகள் எதிர்ப்புக் கட்சி பெருவெற்றி பெற்றது. அந்த நாளைக் "கறுப்பு ஞாயிறு" என்று சொல்வார்கள். 2004ல் இனவாதத்துக்காக நீதிமன்றம் கண்டித்த பிறகு கட்சி பெயரை மாற்றிக்கொண்டது. இப்போது எங்களில் சிலர் அதற்கே வாக்குப் போடுகிறார்கள் என்று காதில் விழுகிறது. அவர்களின் அன்றைய பட்டியலில் நாங்களும் இருந்தோம் அண்ணை. உங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை வைத்ததால் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள் என்று நம்பாதீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போரில் இருந்து தப்பி வருகிறவனுக்கும் வேலை தேடி வருகிறவனுக்கும் சட்டத்தில் வித்தியாசம் இருக்கிறது. 1951 ஜெனீவா அகதிகள் உடன்படிக்கை இல்லாவிட்டால் நாங்கள் இங்கே இல்லை. அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறவன் நல்லவன், எந்தப் பக்கம் நிற்கிறவன் கள்ளன் என்பது உடன்படிக்கையில் எழுதியிருக்கவில்லை. 136 இத்தாலியரும் காசுக்கு வந்தவர்கள்தான். வேறு எதற்கும் வரவில்லை. தாய்க்கு அனுப்ப, தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க, நிலம் வாங்க வந்தார்கள். அவர்களைக் கள்ளர் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? இன்றைக்கு அந்தச் சுரங்கம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடம், 2012ல் இருந்து. வெள்ளைப் பளிங்குக் கல்லில் 262 பெயர்களும் இருக்கின்றன. சுரங்கத் தொழிலாளியாக வந்த ஒரு இத்தாலியரின் மகன் எலியோ டி ரூப்போ 2011ல் இருந்து 2014 வரைக்கும் இந்த நாட்டின் பிரதமராக இருந்தார். மக்கரோனி எப்போது மாண்புமிகு ஆனது? வந்தவர்கள் மாறவில்லை, தேவை மாறியது, காலம் போனது.

"அவர்கள் உழைக்க வந்தவர்கள், இவர்கள் சும்மா இருந்து சாப்பிட வந்தவர்கள்" என்று அடுத்ததாகச் சொல்வீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. உங்கள் கடையின் பின்பக்கம் அரிசிமூட்டை இறக்குகிற அந்தப் பெடியனுக்கு எத்தனை மணித்தியாலம் வேலை? விசா இல்லாதவனுக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? கிழமையில் எத்தனை நாள் லீவு? உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. எங்கள் சனத்தின் எத்தனையோ கடைகளிலும் உணவகங்களிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். இறங்காவிட்டால் பெத்தி சாத்தோ என்று அன்றைக்குப் பயமுறுத்தினார்கள். பொலிஸுக்கு அடித்துச் சொல்லிவிடுவேன் என்று இன்றைக்குப் பயமுறுத்துகிறார்கள். மேசையில் இருந்து கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, பின்கதவால் அதே மனிதனை மலிவுக்கு எடுக்கிறோம்.

இதில் எங்கள் பழைய கணக்கும் ஒன்று இருக்கிறது. தேயிலைக்காக வெள்ளைக்காரன் தமிழ்நாட்டில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்து லயன் காம்பராவில் அடைத்தான். அங்கேயும் ஆள் பிடிக்கும்போது நல்ல வார்த்தை சொல்லித்தான் பிடித்தார்கள். 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியபோது, எங்கள் தலைவர்கள் எல்லோரும் ஒரே குரலில் எதிர்த்து நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டு வேலைக்கு அந்தச் சனத்தின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, "தோட்டக்காட்டான்" என்று சொன்னவர்கள் நாங்கள். என் வீட்டிலும் அந்தச் சொல் புழங்கியது. மக்கரோனி என்ற சொல்லைக் கேட்டு நான் கோபப்படும்போது, அம்மா வாயில் கேட்ட அந்தச் சொல்லும் சேர்ந்து காதில் கேட்கிறது.

கடைசியாக, என்னைப் பற்றி. இதை இதுவரைக்கும் எழுதியதில்லை.

1991ல் என்னை விசாரித்த அதிகாரி "ஏன் வந்தாய்?" என்று கேட்டார். 1990ல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டை, குண்டுவீச்சு, எங்கள் தெருவில் செத்தவர்கள் எல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அது பாதி. மற்றப் பாதியைச் சொல்லவில்லை. எனக்கு இரண்டு அக்காமார். சீதனம் கொடுக்க வழியில்லை. அப்பா காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டியபோது, "உயிரோடை இரு" என்று மட்டும் சொல்லவில்லை. "போய் அக்காமாரைப் பார்" என்றும் சொன்னார். நான் உயிருக்கும் வந்தேன், காசுக்கும் வந்தேன். இரண்டையும் ஒரே பையில்தான் போட்டுக்கொண்டு வந்தேன். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கவில்லை, கடனுக்கு அனுப்பினேன். 1986ல் வந்த அண்ணைக்கு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அந்த அதிகாரி கேட்ட கேள்வியை, அதே குரலில், இன்றைக்கு நாங்கள் ஆப்கான்காரனிடம் கேட்கிறோம்.

2022ம் ஆண்டு மாரியில் பெத்தி சாத்தோவுக்கு முன்னால், கால்வாய்க் கரையில், வரிசையாகக் கூடாரங்கள் நின்றன. அசூல் கேட்டவர்களுக்குப் படுக்க இடம் கொடுக்கவில்லை. சட்டப்படி கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கான தடவை தீர்ப்புச் சொல்லியும் கொடுக்கவில்லை. 2023 மார்ச்சில் பொலிஸ் வந்து கூடாரங்களைக் கிளப்பியது. அதே ஆண்டு ஓகஸ்டில், தனி ஆண்களுக்கு இனி இடமில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அடுத்த மாதமே உயர் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை இடைநிறுத்தியது. ஆனாலும் பெடியங்கள் தெருவிலேயே கிடந்தார்கள். தனி ஆண்கள்! 1946ல் 35 வயதுக்கு உட்பட்ட, உடல் நல்லாயிருக்கிற தனி ஆண்களைத்தானே ரயில் அனுப்பித் தேடி எடுத்தார்கள்? அன்றைக்கு அடைத்து வைக்கக் கட்டடம் இருந்தது. இன்றைக்குப் படுக்க வைக்கக் கட்டடம் இல்லையாம்.

அந்த மாரியில் ஒருநாள் இரவு வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தேன். மழை. ஒரு கூடாரத்துக்கு வெளியே ஒரு பெடியன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். இருபது வயது இருக்கும். நான் வந்தபோது எனக்கு இருந்த வயது. மார்சினெலுக்கு அந்தக் கிழவர் வந்தபோது அவருக்கு இருந்த வயது. பேச மொழி இல்லை. கையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு ஆண்டும் ஓகஸ்ட் 8ம் திகதி காலை எட்டுப் பத்துக்கு மார்சினெலில் மணி அடிக்கும். 262 தடவை. அண்ணை, அடுத்த முறை நானே உங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். 262 தடவையும் நின்று கேட்போம். அதற்குப் பிறகும் "காசுக்கு வந்தவங்கள்" என்று சொல்ல உங்களுக்கு மனம் வந்தால், அங்கேயே, அந்தப் பெயர்களுக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். பிறந்தநாள் மேசையில் மாதிரி நான் பேசாமல் இருக்கமாட்டேன்.